வலது கன்னத்து வெயில்

என் முகத்தில் இரண்டு பேர் குடியிருந்தார்கள். இடப்பக்கத்துக்காரனுக்கு நாற்பத்தைந்து வயது சொல்லலாம். வலப்பக்கத்துக்காரனுக்கு அறுபத்தைந்துக்குக் குறையாது. என் சரியான வயது ஐம்பத்தாறு. இருவரையும் கூட்டி இரண்டால் பிரித்தால் கிட்டத்தட்ட வந்துவிடும்.

காரணம் என் வேன்தான். இருபத்திரண்டு வருடமாக ஸ்கூல் வேன் ஓட்டுகிறேன். வீடு கொட்டாஞ்சேனையில். விடியுமுன் வெறும் வேனோடு வெள்ளவத்தைக்குப் போய், ஒழுங்கை ஒழுங்கையாகப் புகுந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கொட்டாஞ்சேனைப் பள்ளிக்கூடங்களுக்கு வருவேன். வடக்கே வரும்போது காலை வெயில் எனக்கு வலப்பக்கம். பள்ளிக்கூடம் விட்டதும் அதே பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு தெற்கே திரும்புவேன். அதற்குள் சூரியனும் மேற்குப் பக்கம் போய் நின்றுகொள்ளும். மறுபடியும் வலப்பக்கம்தான். மாலையில் வெறும் வேனோடு வீடு திரும்பும்போது இடப்பக்கம் வெயில் வந்தாலும் அது பக்கத்து சீட்டோடு நின்றுவிடும். ஆக, அந்தச் சூரியன் எனக்கு ஒரு கன்னம்தான் இருக்கிறது என்று முடிவுகட்டி இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்திருக்கிறது.

கண்ணுக்குக் கீழே தொடங்கித் தாடை வரைக்கும் கருகிய பழுப்பாக ஒரு படலம். என் மனைவி ஆறாயி அதை மங்கு என்பாள். கல்யாண வீடுகளில் போட்டோ எடுக்கும்போது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பேன். ஆம்பிளைக்கு அழகு எதற்கு என்று வெளியே சொல்லிக்கொண்டாலும் உள்ளுக்குள் எனக்கு அது உறுத்தல்தான். அதை இங்கே ஒத்துக்கொள்வதில் வெட்கமில்லை.

எங்களுக்கு ஒரே மகள், அனுஷியா. இருபத்தேழு வயது. வெள்ளவத்தையில் டொக்டர் மிதுனாவின் தோல் கிளினிக்கில் மூன்று வருடமாக வேலை செய்கிறாள். வீட்டில் எங்களைப் போல 'ஆமா' போடுகிறவள், பம்பலப்பிட்டி தாண்டினால் 'ஓம் அன்ட்ரி, கண்ணை மூடுங்கோ' என்று ஆரம்பித்துவிடுவாள். முகம் கழுவிவிடுவது, மரக்கவைக்கும் கிரீம் பூசுவது, டொக்டருக்குப் பொருள் எடுத்துக் கொடுப்பது, இதுதான் அவள் வேலை. ஆனால் அவளுடைய கண் எல்லாம் ஒரு பேனையில் இருந்தது. அதன் நுனியில் பன்னிரண்டு நுண்ணிய ஊசிகள். தோலில் வைத்து ஓட்டினால் கண்ணுக்குத் தெரியாத துளைகள் விழும். அந்தத் துளைகளை ஆற்றுவதற்காக உடம்பு புதுத் தோலைக் கட்டும், அதோடு மேலே பூசும் மருந்தும் துளை வழியே இறங்கிக் கருமையைக் குறைக்கும். மைக்ரோநீட்லிங் என்று பெயர். ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் போய் அவள் அதைப் படித்தாள். வாழைப்பழத்தோலில் பழகினாள். எங்கள் வீட்டில் ஆறு மாதம் வாழைப்பழத்துக்குக் குறைவில்லை.

ஒருநாள் டொக்டர் அவளைக் கூப்பிட்டுச் சொன்னாராம்: ஊசிச் சிகிச்சைக்கென்று ஒரு தனி அறை போடப்போகிறேன், அதற்குப் பொறுப்பாக ஒருவர் வேண்டும், நீர்கொழும்பிலிருந்து டிப்ளோமா எடுத்த ஒரு பிள்ளை வந்து கேட்டுவிட்டுப் போயிருக்கிறாள், ஆனால் உனக்கும் ஒரு சந்தர்ப்பம் தருகிறேன். ஒரே ஆள், ஒரே முகம், மாதம் ஒன்றாக நான்கு தடவை. ஒவ்வொரு தடவையும் போட்டோ. நான்காவது தடவை நான் வந்து பார்ப்பேன். நன்றாக வந்திருந்தால் அறை உனக்கு. இல்லையென்றால் அந்தப் பிள்ளைக்கு.

வருகிற பெண்களில் மூன்று பேரிடம் அனுஷியா கேட்டுப் பார்த்தாள். இலவசம் என்றும் சொன்னாள். மூன்று பேரும் மாட்டேன் என்றுவிட்டார்கள். ஒரு அம்மா முகத்துக்கு நேரேயே, "பழகிறதுக்கு என்ர முகமோ பிள்ளை கிடைச்சது?" என்று கேட்டிருக்கிறார்.

இதை அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னபோது எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. முகம் துடைக்க என் மகளின் கை வேண்டும், ஊசி வைக்க வேண்டாமா?

"அவங்கள விடு. என் மொகத்த எடுத்துக்க" என்றேன்.

அவள் சாப்பாட்டை நிறுத்திவிட்டு என் வலது கன்னத்தைப் பார்த்தாள். மகள் அப்பாவைப் பார்க்கிற பார்வை இல்லை அது. கராஜில் மெக்கானிக் வேனைப் பார்ப்பானே, அந்தப் பார்வை.

"ஏன்பா, இத வீட்டுக்குள்ளேயே வச்சிக்கிட்டா நான் வெளிய தேடிக்கிட்டு இருந்தேன்?"

ஆறாயி சிரித்தாள். "உங்கப்பா ஊசின்னா ஆஸ்பத்திரி வாசலோட திரும்பி வர்ற ஆளு. நீ நம்பாத."

அவள் சொன்னது உண்மை. வீறாப்பாக வாயைக் கொடுத்துவிட்டேன், இனிப் பின்வாங்க முடியாது. அப்படித்தான் சித்திரைப் புத்தாண்டு கழிந்த முதல் சனிக்கிழமை வெள்ளவத்தைக் கிளினிக்கின் கட்டிலில் போய்ப் படுத்தேன்.

முதலில் போட்டோ. நேராக ஒன்று, வலம் ஒன்று, இடம் ஒன்று. தரையில் ஒட்டியிருந்த நாடாவில் கால்பெருவிரலை வைத்து நிற்கச் சொன்னாள். அதே இடம், அதே விளக்கு, ஒவ்வொரு தடவையும் மாறக்கூடாதாம். பிறகு மரக்கும் கிரீம் பூசி, முக்கால் மணி நேரம் ஊறவைத்தாள். உதடு எங்கே இருக்கிறதென்று எனக்கே தெரியாமல் போயிற்று. பிறகு அந்தப் பேனை தேனீ மாதிரி இரைய ஆரம்பித்தது.

வலித்ததா என்றால், கன்னத்தில் பெரிதாக இல்லை. எலும்பு மேட்டிலும் நெற்றிக்கரையிலும் பல்லைக் கடித்துக்கொண்டேன். அனுஷியா இடது கையால் தோலை இழுத்துப் பிடித்து, வலது கையால் ஒரு வரி நீளவாக்கில், ஒரு வரி குறுக்காக, ஒரு வரி சாய்வாக ஓட்டினாள். கன்னத்துக்கு ஒரு ஆழம், கண்ணோரத்துக்கு அதில் பாதி. ஒவ்வொரு இடத்துக்கும் பேனையின் கழுத்தைத் திருப்பி ஆழத்தை மாற்றினாள், மாற்றியதை வாயால் சொன்னாள், முடிந்ததும் எல்லாவற்றையும் கொப்பியில் எழுதிவைத்தாள். அவள் கை ஒருமுறைகூடத் தயங்கவில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாலும் அது எனக்குத் தெரிந்தது. கியர் மாற்றும் கையை வைத்தே ஒரு டிரைவரை எடைபோடுகிறவன் நான்.

எழுந்து கண்ணாடியைப் பார்த்தால் முகம் செவேலென்று இருந்தது, ஊசி நுனி அளவில் சில இரத்தப் பொட்டுகளும். அனுஷியா சட்டம் போட்டாள்: இன்று முகத்தில் சோப்பு படக்கூடாது. மூன்று நாள் வெயிலே கூடாது. அதற்குப் பிறகு சன்கிரீம் இல்லாமல் வாசல் தாண்டக்கூடாது, இரண்டு மணிக்கொரு தடவை திரும்பப் பூசவேண்டும். அவள் தராத எதையும் முகத்தில் வைக்கக்கூடாது.

"ஊசி வச்ச தோலு தெறந்து கெடக்குதுப்பா. வெயில் பட்டா இருந்ததவிட கறுத்துப்போயிடும். அப்புறம் என்னாலயும் ஒண்ணும் செய்ய ஏலாது."

மூன்று நாளைக்கு வேனை ஒரு தெரிந்த டிரைவரிடம் கொடுத்தேன். நான்காம் நாள் முகத்தில் வெள்ளை பூசிக்கொண்டு, வலப்பக்கக் கண்ணாடிக்குத் துவாய் மாட்டிக்கொண்டு வண்டியை எடுத்தேன். பள்ளிக்கூட வாசலில் என் வேனுக்குப் பக்கத்தில் நிற்பவன் மாளிகாவத்தை பாஹிம். அவனும் ஸ்கூல் வேன்தான். என்னைப் பார்த்ததும் இறங்கி வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

"என்ன காளி அண்ணே, மொகத்துக்கு சுண்ணாம்படிச்சீக்கிறீங்க? பெருநாளா?"

"மக வைத்தியம் பாக்குறா."

"வைத்தியமா! பாத்துக்கங்க அண்ணே, அண்ணி வேற மாப்பிள்ள வந்தீக்கிறார்னு வெளிய போட்டுருவாங்க."

இப்படி ஒரு மாதம். போகிற வருகிற டிரைவர்களெல்லாம் என்னை 'புதுமாப்பிள்ளை' என்று கூப்பிட்டார்கள். நான் சட்டை செய்யவில்லை. இரண்டாவது தடவை முடிந்து இரண்டு வாரத்தில் தாடைப்பக்கம் கருமை விலக ஆரம்பித்தது. மூன்றாவது முடிந்தபோது பாதிக்கு மேல் போயிருந்தது. மிஞ்சியிருந்தது கண்ணுக்குக் கீழே ஒரு திட்டு மட்டும். பாஹிம் ஒருநாள் கேலியை விட்டுவிட்டுத் தன் அக்காவுக்காக மெதுவாகக் கேட்டான்: "அண்ணே, எங்கட ராத்தாவுக்கும் மொகத்துல இப்பிடித்தான் ஈக்கிது. ஒங்கட மகள்ட்ட கூட்டிட்டு வரலாமா?" அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை. வீடு வரைக்கும் ஹோர்ன் அடித்துக்கொண்டே போனேன்.

இவ்வளவு நன்றாகப் போய்க்கொண்டிருந்த காரியத்தை யார் கெடுத்தது என்றால், நான்தான்.

வருடாவருடம் முருகனின் ஆடிவேல் ரதம் செட்டியார்தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்குப் போகும்போது நான் வெறுங்காலோடு பின்னால் நடப்பேன். அனுஷியா பிறந்த வருடத்திலிருந்து அப்படி ஒரு நேர்த்திக்கடன். அதற்கு முன் பத்து நாள் விரதம். மீன், முட்டை எதுவும் கிடையாது. இந்த வருடம் நான்காவது தடவைக்குப் பதினொரு நாள் இருக்கையில் ஆடிவேல் வந்தது.

விடிகாலையில் குளித்துவிட்டு வந்து சன்கிரீம் குழாயைக் கையில் எடுத்தபோது ஒரு யோசனை ஓடியது. இதற்குள் என்ன கொழுப்புக் கலந்திருக்கிறதோ! மாட்டுக் கொழுப்போ, வேறெதுவோ? குழாயின் பின்னால் எறும்பு ஊர்ந்ததுபோல ஆங்கிலம். பத்து நாள் முட்டைகூடத் தொடாமல் இருந்துவிட்டு, சாமிக்குப் பின்னால் நடக்கிற அன்று பேர் தெரியாத கொழுப்பை முகத்தில் பூசிக்கொண்டா போவது? குழாயைத் திரும்ப அலுமாரியில் வைத்தேன். கன்னம் நிறைய விபூதியும் சந்தனமும் பூசினேன். சந்தனத்துக்கு மேலே ஒரு சன்கிரீம் உண்டா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் மகள் அப்போது வீட்டில் இருந்திருந்தால் நிலைமை வேறு. அவள் அதிகாலை ரயிலில் டொக்டரோடு கண்டிக்குப் போயிருந்தாள். அங்கேயும் டொக்டருக்கு ஒரு கிளினிக் உண்டு, பத்து நாள் அங்கே வேலை.

அதோடு விட்டேனா? கொள்ளுப்பிட்டியில் ரதம் நின்றபோது குருக்கள் மேலேயிருந்து என் கையில் ஒரு எலுமிச்சம்பழம் தந்தார். மற்ற வருடமென்றால் வேனின் முன்பக்கம் கட்டியிருப்பேன். இந்த வருடம் எனக்கு வேன் ஞாபகம் வரவில்லை. மகளின் அறைதான் ஞாபகம் வந்தது. முருகா, என் பிள்ளைக்கு அந்த அறை கிடைக்கவேண்டும், இந்த மிச்சத் திட்டும் போய்விடவேண்டும் என்று வேண்டிக்கொண்டே பழத்தைப் பல்லால் கடித்துப் பிளந்து வலது கன்னத்தில் பிழிந்து தேய்த்தேன். சாறு கழுத்து வரைக்கும் வழிந்தது. மனம் குளிர்ந்துபோயிற்று. பிறகு பம்பலப்பிட்டி வரைக்கும் தெற்கே நடந்தேன். மத்தியானம் திரும்பிய நேரம். வெயில் எந்தக் கன்னத்தில் அடித்தது என்று நான் சொல்லத் தேவையில்லை.

மறுநாள் கன்னம் எரிந்தது. மூன்றாம் நாள் சிவந்தது. ஒரு வாரத்துக்குள் கன்னத்திலிருந்து கழுத்து வரைக்கும் பட்டை பட்டையாகக் கறுத்துவிட்டது. முன்பிருந்த மங்கு இதற்குப் பக்கத்தில் நிற்க முடியாது.

ஆறாயி தலையில் அடித்துக்கொண்டாள். "அவ ஒண்ணு சொன்னா நீங்க ஒண்ணு செய்வீங்க. பிள்ள மூணு வருசமா பட்ட பாட்ட ஒரு பழத்துல புழிஞ்சு ஊத்திட்டீங்களே!"

"சாமி குடுத்த பழம்டி."

"சாமி கட்டித் தொங்கவிடத்தான குடுத்துச்சு? மூஞ்சில தேய்க்கவா குடுத்துச்சு?"

அனுஷியா தினமும் சாயந்திரம் வீடியோ கோல் எடுப்பாள். நான் இடது கன்னத்தைக் காட்டிக்கொண்டு உட்காருவேன்.

"அப்பா, கிரீம் பூசுறீங்களா?"

"பூசுறேம்மா."

"மத்தப் பக்கத்த காட்டுங்க."

"கரண்ட் போயிருச்சும்மா, வெளிச்சம் பத்தாது."

என் பின்னால் மின்விசிறி சுழன்றுகொண்டிருந்தது. அவள் கவனித்தாளோ இல்லையோ, எனக்குத் தெரியாது. என் மகளிடம் நான் பொய் சொன்னது அதுதான் முதல் தடவை. அந்தப் பத்து நாளும் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை அவள் கண்டியிலிருந்து நேரே கிளினிக்குக்கு வந்துவிட்டாள். நான் கழுத்தைச் சுற்றித் துவாய் போட்டுக்கொண்டு மாடிப்படி ஏறினேன். அறையில் டொக்டர் மிதுனா நின்றிருந்தார். கெட்டிக்காரி, கண்டிப்பான மனுஷி. முகத்தில் பூச்சு ஒரு இடம் விடாமல் ஒழுங்காக இருக்கும், சேலையில் ஒரு கசங்கல் இருக்காது. துவாயை எடுங்கோ என்றார். எடுத்தேன்.

அனுஷியாவின் முகத்தில் ஈயாடவில்லை.

"அனுஷியா, போன முறை என்ன ஆழம் வைச்சனீர்?" டொக்டர் கேட்டார்.

"கன்னத்துக்கு ஒரு மில்லிமீற்றர், டொக்டர். கண்ணுக்குக் கீழ அரை. கொப்பியில எழுதியிருக்கு."

"எழுதினது சரி. கை அழுத்தினதோ தெரியாது. ஆழம் கூடினால் எங்கட தோலுக்கு இப்பிடித்தான் கறுக்கும். படிச்சிருப்பீர்தானே? நான் அந்த நீர்கொழும்புப் பிள்ளையை வரச்சொல்லத்தான் வேணும்."

கியருக்குள் மண்ணைப் போட்டவன் நான், திட்டு விழுவது மெக்கானிக்குக்கா? "டொக்டர், அது வந்து..." என்று எழுந்தேன்.

அனுஷியா கையை நீட்டி என்னைத் தடுத்தாள். "அப்பா, நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க. உக்காருங்க. நானே பாத்துச் சொல்லுறேன்."

அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. சத்தமில்லை, நடுக்கமில்லை. நான் உட்கார்ந்துவிட்டேன்.

விளக்கை இழுத்து என் முகத்துக்குப் பக்கத்தில் சாய்த்தாள். பூதக்கண்ணாடியை எடுத்துக் கன்னத்தை ஓரத்திலிருந்து ஓரம் வரைக்கும் பார்த்தாள். மூச்சு என் கன்னத்தில் பட்டது. பிறகு நிமிர்ந்து டொக்டரைப் பார்த்தாள்.

"இது ஊசியால வந்ததில்லை, டொக்டர். ஊசியெண்டால் நான் ஓட்டின இடம் முழுக்க ஒரேமாதிரிப் பரவியிருக்கும். இஞ்ச பாருங்கோ, கன்னமேட்டில அகலமா இருக்கு, கீழ வரவர ஒடுங்குது. மேலயிருந்து ஏதோ வழிஞ்சிருக்கு." விரலால் கழுத்து வரைக்கும் அந்தப் பட்டையைக் காட்டினாள். "கழுத்தில நான் ஊசியே வைக்கேல்லை. இஞ்ச எப்பிடிக் கறுக்கும்?"

டொக்டர் குனிந்து பார்த்தார்.

"அப்பா, வலது கைய காட்டுங்க."

நீட்டினேன். புரட்டினாள். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே, தோல் மடிப்பில், அதே கறுப்பு. அதை நானே அதுவரைக்கும் கவனித்திருக்கவில்லை.

"இந்த விரலாலதான் புழிஞ்சிருக்காரு" என்று எங்கள் பேச்சிலேயே சொல்லிவிட்டு, டொக்டர் பக்கம் திரும்பினாள். "எலுமிச்சம்பழம். அந்தச் சாறு பட்ட தோலில வெயில் பட்டால் எரிஞ்சு இப்பிடிக் கறுக்கும். பத்து, பதினொரு நாளைக்கு முந்தி நடந்திருக்கவேணும். அண்டைக்கு ஆடிவேல்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. களவு எடுத்த வீட்டில் பொலிஸ் நாய் மாதிரி நேரே வந்து என் முன்னால் நின்றுவிட்டாள். "ஆமா டொக்டர்" என்றேன். "என் மக மேல தப்பில்ல. கிரீமும் போடல. பழத்தப் புழிஞ்சது நான்தான். கேட்டப்ப பொய் சொன்னதும் நான்தான்."

டொக்டர் அந்தக் கழுத்துப் பட்டையை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு, "சரி. நான் பிழையா நினைச்சிட்டன்" என்றார். "இப்ப ஒண்டு செய்யும். கறுத்த இடத்தை விட்டிட்டு, கண்ணுக்குக் கீழ இருக்கிற பழைய திட்டில மட்டும் இண்டைக்கு ஓட்டும். நாலாவது முறை முடிஞ்சதா ஃபைலில எழுதிவிடுவம்."

அப்பாடா என்று நான் கட்டிலில் சாயப் போனேன். அறை கிடைத்துவிட்டது, முருகன் கைவிடவில்லை என்று நினைத்தேன்.

"இல்லை டொக்டர்" என்றாள் அனுஷியா. "இந்த முகத்தில இண்டைக்கு ஊசி வைக்க ஏலாது. பக்கத்துத் தோல் முழுக்க புண்பட்டுக் கிடக்கு. இப்ப குத்தினால் அந்தத் திட்டும் சேர்ந்து கறுக்கும். ஆறட்டும். எட்டுக் கிழமை, ரெண்டு மாசமாவது விடவேணும்."

"எட்டுக் கிழமை நான் பாத்துக்கொண்டிருக்க ஏலாது. ஃபைல் முடியாட்டி அந்த அறை என்ன ஆகும் எண்டு தெரியும்தானே?"

"தெரியும்."

"அம்மாடி, வச்சிரும்மா" என்று நான் கெஞ்சினேன். "எனக்கு கறுத்தா என்ன, வெளுத்தா என்ன? இன்னும் நாலு வருசம் வேன் ஓட்டப்போறவன். நீ வச்சிரு."

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "ஒங்களுக்கு ஒரு மொகந்தான் இருக்கு அப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு, என்னை நாடாவில் கொண்டுபோய் நிறுத்திப் போட்டோ எடுத்தாள். நேராக ஒன்று, வலம் ஒன்று, இடம் ஒன்று. கோரமாகக் கறுத்துப்போன அந்த முகத்தை மற்ற மூன்று தடவையோடும் சேர்த்து ஃபைலில் வைத்து, நான்காவது முறை செய்யப்படவில்லை என்று எழுதி, காரணத்தையும் எழுதி, தன் கையெழுத்தைப் போட்டாள்.

நான் அந்த இடத்தில் நின்று என் மகளைப் பார்த்தேன். அறை போனது போனதுதான். ஆனால் எனக்கு அந்த நேரம் அறை ஒரு பொருட்டாகவே படவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு பிள்ளைக்குக்கூட கீறல் விழாமல் வேன் ஓட்டியவன் என்று நான் பெருமை அடித்துக்கொள்வதுண்டு. அவள் என்னைவிடப் பெரிய டிரைவர். பிரேக் போடவேண்டிய இடத்தில், பின்னால் எல்லோரும் ஹோர்ன் அடித்தும், போட்டுவிட்டாள்.

டொக்டர் ஃபைலை வாங்கி வாசித்தார். மூடி மேசையில் வைத்தார். பிறகு மூலையிலிருந்த பேசினுக்குப் போய்க் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவ ஆரம்பித்தார். இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவினார். துடைத்துக்கொண்டு திரும்பியபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டு கன்னத்திலும், மூக்கின் மேலும், மேலுதட்டிலும் வண்ணத்துப்பூச்சி விரித்ததுபோல ஒரு பழுப்பு மங்கு.

"சின்னவன் வயித்தில இருக்கேக்க வந்தது" என்றார். "ஏழு வருஷம். ஊரில உள்ளாக்களின்ர முகமெல்லாம் நான் செய்யிறன், என்ர முகத்தை நானே செய்ய ஏலாது. வேற ஆரிட்டயும் குடுக்கவும் பயம். எல்லாருக்கும் ஊசி வைக்கத் தெரியும். இண்டைக்கு வேண்டாம் எண்டு எனக்கு முன்னால நிண்டு சொல்லக்கூடிய ஒரு ஆளை நான் இப்பதான் பாக்கிறன்." செருப்பைக் கழற்றிவிட்டு, நான் எழுந்த கட்டிலில் ஏறிப் படுத்தார். "அறை உமக்குத்தான், அனுஷியா. முதல் பேஷண்ட் நான். நல்லாப் பாரும். வைக்கலாம் எண்டால் வையும், வேண்டாம் எண்டால் எழும்பிப் போறன்."

அனுஷியா உடனே பேனையை எடுக்கவில்லை. விளக்கை இழுத்துச் சாய்த்தாள். பூதக்கண்ணாடியை எடுத்து, என் முகத்தைப் பார்த்ததுபோலவே, ஓரத்திலிருந்து ஓரம் வரைக்கும் பார்த்தாள். "கடைசியா எப்ப வெயில்ல நிண்டனீங்கள், டொக்டர்? என்ன கிரீம் பாவிக்கிறீங்கள்?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். டொக்டரும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். பிறகுதான் மரக்கும் கிரீமை எடுத்தாள். எனக்கு அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து வரவேற்பறையில் உட்கார்ந்தேன். ஆறாயிக்கு ஃபோன் போட்டேன். பேச்சு வரவில்லை. அவள் பயந்துபோய், "என்னாங்க, என்னாச்சு?" என்று கத்தினாள். "கெடச்சிருச்சு" என்றேன். அவளும் அழ ஆரம்பித்துவிட்டாள்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். கதவுக்குப் பின்னால் பேனை இரைகிற சத்தம் கேட்டது. எனக்கு எதிரே வெள்ளவத்தை அம்மா ஒருவர் காத்திருந்தார். முதல் தடவை வருகிறவர், நாகேஸ்வரி என்று பெயர் பதிந்தது என் காதில் விழுந்தது. கன்னத்தில் அவருக்கும் மங்கு. அவர் என்னைக் கொஞ்ச நேரம் ஓரக்கண்ணால் பார்த்தார், பிறகு நேராகவே பார்த்தார். கன்னம், கழுத்து, கை. மெதுவாகக் கைப்பையை எடுத்துக்கொண்டு எழும்பினார்.

"ஐயா, குறை நினையாதேங்கோ" என்றார் தணிந்த குரலில். "இது இஞ்ச செய்து வந்ததோ?"

நான் முகத்தைத் திருப்பவில்லை. கறுத்த கன்னத்தை அவருக்கு நேராகக் காட்டிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"இல்லங்கம்மா. இது நானே செஞ்சுகிட்டது. என் மக செய்யிறத பாக்கணும்னா கொஞ்சம் பொறுங்க. உள்ள டொக்டர் அவ கையிலதான் மொகத்த குடுத்துட்டுப் படுத்திருக்காங்க, இப்ப வெளிய வருவாங்க."

அந்த அம்மா கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு மறுபடியும் உட்கார்ந்தார்.